துடைப்பதற்கு முன் தண்ணீர்

(கோடம்பாக்கத்தில் ஓட்டுநர்கள், கார் துடைக்கும் தொழிலாளர்கள், பட்டறைக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பினர் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்வரிசையில் குடியிருப்புச் சங்கத்துப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். விடியற்காலையில் அவர்களுடைய காரைத் துடைக்கிற தம்பிகளும் அக்காமார்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து முன்னால் வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது. இந்த மேசைமேல் ஒரு பழைய காரின் பானெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் நான் சொல்வது புரியும்.

கோடம்பாக்கத்தில் ஓர் இரவு தெருவில் நிற்கிற காரின்மேல் என்னவெல்லாம் விழுகிறது என்று முதலில் பார்ப்போம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற மெட்ரோ பாதை, நம் பகுதியைத் தாண்டியதும் தரைக்கு மேலே வந்து, ஆற்காடு சாலையில் தூண்களின்மேல் போகிறது. அந்த வேலை தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சாலைக்காரர்களுக்குச் சிமென்ட் தூசி பழகிப்போன ஒன்று. அதோடு வீடு கட்டுகிற இடங்களிலிருந்து எம்-சாண்ட் துகள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடுகிற மின்சார ரயில் நம் நிலையத்தில் நின்று கிளம்பும்போதெல்லாம் சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் பறக்கிறது. ரயில் பாதை ஓரம் வெள்ளைக் கார் நிறுத்துகிறவர்கள் கவனித்திருப்பீர்கள்: எவ்வளவு கழுவினாலும் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் போகாது. பெயிண்டில் குத்திக்கொண்ட இரும்புத்தூள் துருப்பிடித்ததுதான் அது. இவற்றோடு தூங்குமூஞ்சி மரத்துப் பிசுக்கு, காக்கை எச்சம்.

இவை எல்லாவற்றிலும் காருக்கு ஆபத்தானது எது? எச்சம் என்பீர்கள். அதுவும் கெடுதல்தான், பிறகு சொல்கிறேன். ஆனால் தினமும் கெடுப்பது மணல் தூசி. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவையில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரைக்குப் பக்கம். காரின் மேல்பூச்சு கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையானது.

அந்த மேல்பூச்சு எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? இருங்காட்டுக்கோட்டையிலோ ஓரகடத்திலோ தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிற காரில், இரும்புத் தகட்டின்மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இந்த நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து வண்ணத்தைக் காப்பதும் அதுதான். போனால் திரும்பி வராது. மறுபடி பூச வேண்டுமென்றால் டிங்கரிங், பட்டி, பெயிண்டிங் என்று போக வேண்டியதுதான். தொழிற்சாலையில் 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி வேகவைத்த பூச்சை, ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் பொருத்திய காரில் எந்தப் பட்டறையாலும் அப்படியே திருப்பிச் செய்ய முடியாது.

நம் தாத்தா காலத்துக் கார்களில் கிளியர் கோட் கிடையாது. வண்ணமே மேல்பூச்சு. சென்னையில் சிம்சன் கம்பெனி 1840 முதல் வண்டிக்கூடு கட்டிய காலத்தில், தூரிகையால் வார்னிஷ் அடித்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் 1924-இல் கார்களில் வந்த பிறகுதான் அந்த நாட்கள் மணிக்கணக்காகக் குறைந்தன. இன்றைக்கும் நம் பெயிண்டர்கள் டூகோ என்று சொல்வதைக் கேட்கலாம். 1961 முதல் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ, பழைய அம்பாசிடரையோ பாலிஷ் போட்டவர்களுக்குத் தெரியும், துணியில் காரின் நிறம் ஒட்டும். அப்போது எவ்வளவு தேய்ந்தது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. இப்போது தேய்வது நிறமில்லாத பூச்சு. துணியில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இப்போதைய காருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, நம் வழக்கத்துக்கு வருவோம். விடியற்காலை ஐந்து மணி. ஒரு தம்பி வருகிறார். கையில் ஒரு பக்கெட், ஒரு துணி. முதல் காரில் வறண்ட தூசியைத் துணியால் ஒரு தட்டுத் தட்டி, பிறகு ஈரத்துணியால் ஒரு இழுப்பு. அதே தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து அடுத்த கார். பத்தாவது காருக்கு வரும்போது பக்கெட்டில் இருப்பது சேற்றுத்தண்ணீர். அடியில் மணல் தங்கியிருக்கிறது. துணி அந்த மணலை அள்ளிக்கொண்டு வருகிறது. அந்தத் துணி அதற்குப் பிறகு துணி இல்லை, உப்புத்தாள். தினமும் ஒரு தரம், வருஷத்துக்கு முந்நூறு தரம், காரை உப்புத்தாளால் தேய்க்கிறோம்.

இதோ, இந்தக் கறுப்பு பானெட்டைப் பாருங்கள். கூடத்து டியூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது விளக்கை அணைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடிக்கிறேன். தெரிகிறதா? வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள். டார்ச்சை நகர்த்துங்கள், வலையும் கூடவே நகர்கிறது. உண்மையில் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாக இருக்கின்றன. விளக்குக்குக் குறுக்காகக் கிடக்கிற கீறல் மட்டும்தான் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், அதனால் வட்டமாகத் தெரிகிறது. டியூப்லைட் நீளமான, பரவிய விளக்கு என்பதால் கீறலை மறைத்துவிடும். சூரியன் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. காரைக்குடியிலிருந்து ஏவி.எம். ஸ்டூடியோ 1948-இல் இங்கே வந்ததிலிருந்து, வெளிச்சம் எதன்மேல் பட்டு எங்கே தெறிக்கும் என்பதையே தொழிலாகக் கற்றவர்கள் இந்தத் தெருக்களில் வாழ்கிறார்கள். கேமராவுக்குள் கண் கூசுகிற தெறிப்பு வராமல் இருக்கக் காரின் குரோம் பட்டைமேல் மங்கல் ஸ்பிரே அடிப்பார்கள், ஷாட் முடிந்ததும் துடைத்துவிடுவார்கள். அந்த லைட்மேன்களின் கண் கார் கழுவுகிறவருக்கும் வேண்டும். வேலை முடிந்ததும் ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து பார்ப்பவர்தான் தொழில் தெரிந்தவர். பழைய கார்களில் ஆர்வம் உள்ளவர்கள் 2023-இல் வடபழனியில் திறந்த ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே நிற்கிற வண்டிகளின் மேற்பரப்பை இந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள்.

இப்போது முறைக்கு வருகிறேன். சாரம் ஒன்றுதான். காரைத் தொடுவதற்கு முன் தூசி அதிலிருந்து இறங்கிப் போயிருக்க வேண்டும். துணி கடைசியில்தான் வர வேண்டும்.

காரை நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பூ காய்ந்து கறை பிடிக்கும். முதலில் சக்கரங்கள். அதிகச் சேறும் பிரேக் தூளும் அங்கேதான், அதற்குத் தனித் துணி, தனி பிரஷ். பிறகு கூரையிலிருந்து கீழே வரை வெறும் தண்ணீரை ஓடவிட்டுத் தூசியை இறக்குங்கள். அவசரப்படாதீர்கள், ஷாம்பூ போடுவதைவிட இது முக்கியம். அடுத்து இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். கையுறை போன்ற மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் மறுபடி ஷாம்பூ பக்கெட்டுக்குள் விட வேண்டும். மணல் அலசுகிற பக்கெட்டில் தங்கும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியாகத்தான் கதவின் அடிப்பாகமும் பம்பரும். வட்டம் வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் போங்கள், அழுத்தாதீர்கள்.

கழுவக் கார் ஷாம்பூதான் வேண்டும். துணி துவைக்கிற பவுடரும் பாத்திரம் துலக்குகிற சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கச் செய்தவை. காரின் வேக்ஸையும் சேர்த்து நீக்கிவிடும். பட்டறைகளில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் கை துடைக்கவும் கிரீஸ் துடைக்கவும் சரி, பெயிண்ட்மேல் அதை வைக்கக் கூடாது. தையலும் நூல் முடிச்சும் கீறும். கீழே விழுந்த துணியை எடுத்து அப்படியே காரில் வைப்பவரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விழுந்த துணி அன்றைய வேலைக்கு ஆகாது, துவைத்த பிறகுதான். உலர்த்தும்போதும் தேய்த்து இழுக்காமல் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள்.

எச்சம் காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டவே கூடாது. ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் தூக்கி எடுங்கள். அன்றன்றே எடுத்துவிட வேண்டும். வெயிலில் பூச்சு இளகி விரிந்து, இரவில் சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்திலேயே தடம் பதிந்துவிடும். சிமென்ட் தெறித்து இறுகியிருந்தால் அதற்கும் சுரண்டல் கிடையாது. சிமென்ட் காரத்தன்மை உள்ளது. தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரும்புப் புள்ளிகளுக்குத் தனி இரசாயனம் விற்கிறது. அடித்ததும் ஊதா நிறமாக ஓடிவரும். அதற்குப் பிறகும் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. விரலில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டில் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும்.

அடுத்து தண்ணீர். நம் பகுதி போர்வெல் தண்ணீரில் கார் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் வரும், தெரியும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சென்னையில் பல போர்வெல்களில் அது ஆயிரத்தைத் தாண்டும். ஆயிரம் என்றால் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒரு கிராம் உப்பு காரின்மேல் நிற்கும் என்று அர்த்தம். குடியிருப்புகளில் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்கிறார்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்காமல் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். உப்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளிய தண்ணீர் அது. சக்கரத்துக்கும் மிதியடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு வேண்டாம். கடைசி அலசலுக்கு உகந்த தண்ணீர் உங்கள் வீட்டுச் சுவரிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யிலிருந்து வடிகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு ஏறக்குறைய இல்லை. ராத்திரி ஒரு பக்கெட் வைத்துப் பிடியுங்கள்.

எவ்வளவு தண்ணீர் செலவழிக்கலாம் என்பதும் இந்த ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவினால் நூறு, நூற்றைம்பது லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். இரண்டு பக்கெட் முறையில், பூவாளியால் முதல் அலசல் செய்தால், நாற்பது லிட்டருக்குள் ஒரு காரை ஒழுங்காக முடிக்கலாம். தூசி குறைவாக இருந்தால் அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் திரவங்களைக் கலந்து அரை பக்கெட்டில் முடிக்கலாம். அந்தத் திரவம் தூசியைச் சுற்றி வழுக்கும் படலம் போட்டுத் தூக்குகிறது. ஆனால் சேறு படிந்த காருக்கு அது ஒத்துவராது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சேற்றில் நின்ற கார்களை, காய்ந்த பிறகு துணியால் துடைத்தே கெடுத்தவர்கள் ஏராளம்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. பாலிஷ் போட்டால் ஏதோ ஒன்றைப் பூசுகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். ரப்பிங் காம்பவுண்டு போட்டு மெஷின் ஓட்டும்போது கிளியர் கோட்டைச் சீவுகிறோம். கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சு குறைவதால் கீறல் மறைகிறது. ஒரு தரத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரான் போகலாம், முரட்டுக் கையில் இன்னும் கூடப் போகும். வெயிலைத் தடுக்கும் சரக்கு மேல்பகுதியில்தான் வேலை செய்கிறது. ஆகவே வருஷா வருஷம் சர்வீஸோடு சேர்த்துப் பாலிஷ் என்று பில் போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சின் கனத்தை அளக்கிற மீட்டர் இல்லாமல் மெஷினை எடுக்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். பட்டறைத் தோழர்களே, பானெட் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் பூச்சு மெலிந்திருக்கும், டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சுற்று மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், ஐந்து விநாடியில் எரிந்துவிடும். கற்றுக்கொள்பவர்கள் ஆடிச் சுழல்கிற டூயல் ஆக்ஷன் மெஷினில் தொடங்குவது நல்லது.

விளம்பரங்களையும் சொல்லிவிடுகிறேன். செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான். தண்ணீர் நிற்காது, அழுக்கு சுலபமாகப் போகும். ஆனால் 9எச் கடினம் என்று போட்டிருப்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை மோஸ் அளவையின் 9 என்று நினைத்துக்கொண்டால், மணல் ஒன்றும் செய்யாது என்ற தப்பான நம்பிக்கை வரும். மணல் கீறும். டெஃப்லான் கோட்டிங் என்று விற்பதற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டை உங்கள் கார் தாங்காது. கார்னாபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து வருவது, அழகான மினுமினுப்புத் தரும். நம் வெயிலுக்குச் சில வாரங்கள்தான் நிற்கும், மறுபடி போட வேண்டும். வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசல் அடிக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். மழையில் அது வடிகாலுக்குப் போய், மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றில் கலக்கும்.

இதுவரை காரைப் பற்றிச் சொன்னேன். இனிச் சொல்வது, அதைக் கழுவுகிற கையைப் பற்றி. இதைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அலாய் சக்கரத்தை ஒரு நிமிடத்தில் வெள்ளையாக்குகிற ஆசிட் கேன்கள் பெயர் ஒட்டாமலே விற்கின்றன. இத்தகைய சரக்குகள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் அல்லது அம்மோனியம் பைஃபுளோரைடு இருக்கும். தோலில் பட்டதும் எரியாமல்கூட இருக்கலாம். சில மணி நேரம் கழித்து வலி வரும்போது அந்த ஆசிட் உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்திருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001-க்கும் 2013-க்கும் இடையில் கார், லாரி கழுவும் பொருட்களிலிருந்த இந்த ஆசிட்டால் 48 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதைக் கணக்கெடுத்தார்கள். அவர்களைத் தவிர இன்னொரு தொழிலாளி இறந்தே போனார். பெயரில்லாத கேனைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எந்த ஆசிட் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், கால்சியம் குளுகோனேட் என்ற மருந்து இதற்கு உண்டு.

பெயிண்ட் அடிக்கிற தோழர்களே, ஹார்ட்னர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தமுறை துளி ஆவியே மூச்சைப் பிடிக்கும். முகத்தில் கட்டுகிற கைக்குட்டை இதைத் தடுக்காது, சாதாரண என்95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடிதான் சரி.

பிரஷர் மெஷின் மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் கொண்டுவருகிறது. எர்த் இல்லாத ப்ளக்கில், ஒட்டுப்போட்ட ஒயரில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்த ப்ளக்குக்கு முன்னால் போட்டுவிடுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

சங்கத்துப் பெரியவர்களே, உங்களிடம் கேட்பது இவைதான். தினமும் துடைத்தால்தான் சம்பளம் என்ற ஏற்பாட்டை மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரில் ஒழுங்காகக் கழுவினால் போதும், மற்ற நாள் தொட வேண்டாம் என்று சொல்லி, சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள். காருக்கு நல்லது, கழுவுகிறவரின் முதுகுக்கும் நல்லது. பார்க்கிங்கில் ஒரு குழாய், ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கெட், நாலு மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை, பாதுகாப்பான ஒரு ப்ளக். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், அந்தக் கூட்டத்துக்கு உங்கள் காரைத் துடைக்கிறவரையும் கூப்பிடுங்கள்.